மறதிநோயும் வாழ்க்கைத்துணையும்: ஐரிஸ் மர்டாக் – ஜான் பெய்லி இணையரின் அனுபவம் வழியாக ஒரு விளக்கம்

டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் ஒரு தனி நோயின் பெயரன்று. மூளையின் நரம்பணுக்களைச் சிதைக்கும் பல நோய்களால் நினைவாற்றல், மொழி, சிந்தனை, முடிவெடுக்கும் திறன் ஆகியவை படிப்படியாகக் குறைந்து, அன்றாட வாழ்க்கையைப் பிறர் துணையின்றி நடத்த இயலாமற்போகும் நிலையையே இச்சொல் குறிக்கிறது. மறதிநோய் உடையவர்களில் 60 முதல் 70 விழுக்காட்டினரிடம் அதற்கு அடிப்படையாக இருப்பது அல்சைமர் நோய். இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்வதாக 2023ஆம் ஆண்டு வெளியான நாடளாவிய ஆய்வு மதிப்பிட்டுள்ளது. இவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனையில் இல்லை, வீட்டில் இருக்கின்றனர். கணவரோ மனைவியோ மகளோ மருமகளோதான் இவர்களைக் கவனித்துக்கொள்கின்றனர்.

நீங்கள் அத்தகைய பராமரிப்பாளராக இருந்தால், நோயின் அறிகுறிகளைப் பற்றிய துண்டறிக்கைகளை ஏற்கெனவே படித்திருப்பீர்கள். நீண்டகால மணவாழ்க்கைக்குள் இந்நோய் நுழையும்போது அவ்வாழ்க்கைக்கு என்ன நேர்கிறது என்பதை அவை பெரும்பாலும் கூறுவதில்லை. அதனை அறிந்துகொள்ள, நோயின் தொடக்கம் முதல் இறுதிவரை வெளிப்படையாகப் பதிவு செய்யப்பட்ட ஓர் இணையரின் வாழ்க்கையை இப்பக்கம் எடுத்துக்கொள்கிறது.

இவர்கள் யார்?

ஐரிஸ் மர்டாக் 1919ஆம் ஆண்டு அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் ஆன் கல்லூரியில் மெய்யியல் கற்பித்தவர். 26 நாவல்களை எழுதியவர். ‘தி சீ, தி சீ’ என்னும் நாவலுக்காக 1978இல் புக்கர் பரிசு பெற்றார். அவருடைய கணவர் ஜான் பெய்லி அவரைவிட ஏறத்தாழ ஆறு வயது இளையவர். அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் லாகூரில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியப் பேராசிரியர். இருவரும் 1956இல் திருமணம் செய்துகொண்டனர். குழந்தைகள் இல்லை. 1997இல் மர்டாக்குக்கு அல்சைமர் நோய் என உறுதி செய்யப்பட்டபோது அவருக்கு வயது 77. கணவரும் 70ஐக் கடந்திருந்தார். 1999 பிப்ரவரி 8 அன்று மர்டாக் காலமானார். அதற்கு முந்தைய ஆண்டில் பெய்லி வெளியிட்ட நினைவுநூலும், அடுத்த ஆண்டில் வந்த இரண்டாம் நூலும் பராமரிப்பாளரின் அன்றாட வாழ்க்கையை மறைப்பின்றிக் கூறுகின்றன. 2001இல் இவ்வாழ்க்கை ‘ஐரிஸ்’ என்னும் திரைப்படமாகவும் வெளிவந்தது.

முதலில் குறைந்தவை சொற்கள்

மறதிநோய் என்றதும் சாவியை வைத்த இடத்தை மறப்பதும் பெயர்களை மறப்பதுமே பலருக்கு நினைவுக்கு வரும். மர்டாக்கின் நிலையில் முதலில் வெளிப்பட்டது வேறு. 1994இல் இஸ்ரேலில் நடந்த ஒரு கருத்தரங்கில், அவையோர் கேட்ட கேள்விகளுக்கு விடையளிக்கச் சொற்கள் கிடைக்காமல் அவர் தடுமாறினார். வாழ்நாள் முழுதும் மாணவர்களோடு உரையாடிப் பழகியவர் அவர். ஏறத்தாழ அதே காலத்தில் எழுதிக்கொண்டிருந்த ‘ஜாக்சன்ஸ் டைலமா’ என்னும் நாவலும் எளிதில் நகரவில்லை. அந்நூல் 1995இல் வெளிவந்தது. எழுத இயலாத இந்நிலையை எழுத்தாளர்களுக்கு இயல்பாக நேரும் முடக்கம் என்றே அப்போது கருதினர்.

அவர் மறைந்து சில ஆண்டுகளுக்குப் பின், லண்டனைச் சேர்ந்த நரம்பியல் ஆய்வாளர்கள் அவருடைய முதல் நாவல், நடுக்காலத்து நாவல், இறுதி நாவல் ஆகிய மூன்றையும் கணினியின் துணையுடன் ஒப்பிட்டனர். மர்டாக் கையால் எழுதுபவர். தம் எழுத்தில் பதிப்பாசிரியர்கள் கைவைப்பதை விரும்பாதவர். ஆகவே அச்சில் வந்தவை பெரும்பாலும் அவருடைய சொற்களே. 2005இல் வெளியான அவ்வாய்வின்படி, இறுதி நாவலில் வாக்கிய அமைப்பு பெரிதும் மாறவில்லை. சொல்வளம் மட்டும் சுருங்கியிருந்தது. அரிய சொற்கள் குறைந்து, எவரும் அடிக்கடி வழங்கும் சொற்களே மிகுந்திருந்தன. மருத்துவர்கள் நோயை உறுதிசெய்வதற்குச் சில ஆண்டுகள் முன்னரே அது தன் வேலையைத் தொடங்கியிருந்தது.

இதில் உங்களுக்குப் பயன்படும் செய்தி உண்டு. நோயின் முதல் அறிகுறி, அம்மனிதர் எதில் மிகவும் தேர்ந்தவரோ அதிலேயே தோன்றலாம். கணக்கில் வல்லவர் வங்கிப் படிவத்தின் முன் தயங்குவார். பல ஆண்டுகளாகப் பண்டிகைச் சமையலை ஒற்றைக்கையால் முடித்தவர் குழம்பின் வரிசையைத் தவறவிடுவார். பொருளின் பெயருக்கு மாற்றாக ‘அது’, ‘அந்த இது’ என்பவை பேச்சில் மிகும். மிகுந்த கல்வியறிவு உடையவர்கள் தம் குறையை நெடுநாள் மறைத்துவிடவும் கூடும். பிறர் வாயிலிருந்து சொல்லை வாங்கிக்கொள்வர், நகைச்சுவையால் கடந்துவிடுவர். வாழ்க்கைத்துணையும் தம்மை அறியாமலேயே அக்குறையை நிரப்பிக்கொண்டிருப்பார். பல குடும்பங்களில் நோய் காலந்தாழ்ந்து வெளிப்படுவதற்கு இது ஒரு காரணம்.

மூளைக்குள் நிகழ்வது

அல்சைமர் நோயில் அமைலாய்டு என்னும் புரதம் நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளாகத் தேங்குகிறது. டவ் என்னும் மற்றொரு புரதம் அணுக்களின் உள்ளே முறுக்கிய இழைகளாகத் திரள்கிறது. புதிய நினைவுகளைப் பதிவு செய்யும் ஹிப்போகாம்பஸ் பகுதி பெரும்பாலும் தொடக்கத்திலேயே சுருங்குகிறது. மர்டாக்கின் மூளைப் படத்திலும் இப்பகுதி இருபுறமும் சுருங்கியிருந்தது. காலையில் நடந்ததை மறப்பவர் ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தையதைக் கூறுவது இதனால்தான். அவர் நடிப்பதாக எண்ண வேண்டாம். மர்டாக்கின் மூளை அவர் மறைவுக்குப் பின் ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டு, நோய் அல்சைமரே என உறுதியாயிற்று.

இந்நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், கலன்டமின், மெமன்டின் ஆகியவை சிலருக்கு அறிகுறிகளை ஓரளவு, சிலகாலம் தணிக்கும். அமைலாய்டு படிவை நீக்கும் புதிய ஊசிமருந்துகள் சில நாடுகளில் ஒப்புதல் பெற்றுள்ளன. அவை நோயின் தொடக்கநிலையில் உள்ளோருக்கு மட்டுமே உரியவை. மூளையில் வீக்கமோ கசிவோ ஏற்படாமல் தொடர்ந்து கண்காணிக்கவும் வேண்டும்.

மறதி என்று தோன்றும் ஒவ்வொன்றும் அல்சைமர் ஆகாது. தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு, தலையில் அடிபட்டபின் மூளையுறைக்குள் தேங்கும் குருதி ஆகியவையும் இத்தகைய தோற்றத்தைத் தரும். இவற்றுள் பல சிகிச்சையால் சீராகக்கூடியவை. ‘வயதானால் மறதி இயல்புதானே’ என்று கூறி மருத்துவரிடம் செல்லாதிருப்பது, தீர்க்கக்கூடிய ஒன்றைத் தீராததாக்கிவிடலாம்.

தனித்திருந்தும் சேர்ந்திருந்த இல்லறம்

மர்டாக்கும் பெய்லியும் ஒருவருக்கொருவர் தனிமை தருவதையே தம் இல்லறத்தின் அடிப்படையாகக் கொண்டிருந்தனர். அவர் தம் அறையில் எழுதுவார். இவர் தம் பணியில் மூழ்கியிருப்பார். அவருடைய மனத்தில் உருவாகும் கதைகளைப் பற்றி இவர் கேட்பதில்லை. வீடு அலங்கோலமாகக் கிடப்பது இருவருக்கும் பொருட்டன்று. தனித்திருந்துகொண்டே சேர்ந்திருப்பது என்பதைப் பெய்லி பெரும்பேறாகக் கருதினார்.

நோய் முதலில் பறித்தது இந்த இடைவெளியைத்தான். மர்டாக் கணவரைவிட்டு ஒரு கணமும் பிரியாதவரானார். அறைக்கு அறை அவரைப் பின்தொடர்ந்தார். எப்போது புறப்படுகிறோம் என்பது போன்ற கேள்விகளை ஓயாது கேட்டார். வெளியே நடக்கும்போது தெருவில் கிடக்கும் குச்சிகளையும் சருகுகளையும் பொறுக்கிச் சேர்த்தார். கணவர் கண்ணில் படாத பொழுது அவருக்கு அச்சம் தரும் பொழுதாயிற்று.

உங்கள் வீட்டிலும் இதுவே நிகழ்ந்துகொண்டிருக்கலாம். குளியலறைக் கதவின் முன் வந்து நின்று அழைப்பவர், ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்தில் ஏழாவது முறை கேட்பவர், உங்களைத் துன்புறுத்தும் நோக்கில் அவ்வாறு செய்வதில்லை. முன்னர் கேட்டது அவர் மூளையில் பதியவே இல்லை. கேள்விக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் அச்சம். ‘இப்பொழுதுதானே சொன்னேன்’ என்ற விடை அவ்வச்சத்தைக் கூட்டுமேயன்றி நினைவைத் திருப்பித் தராது. சுருக்கமான, அமைதியான ஒரே விடையை மீண்டும் கூறுங்கள், கையைப் பற்றிக்கொள்ளுங்கள், இயன்றால் பேச்சை வேறு செயலுக்கு மாற்றுங்கள். மறைந்துபோன தம் தாயைத் தேடுபவரிடம் ஒவ்வொரு முறையும் மரணச் செய்தியைச் சொல்வது, ஒவ்வொரு முறையும் புதிய துயரத்தைத் தருவதாகும். ‘அம்மா என்ன சமைப்பார்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். தேடல் பேச்சாக மாறக்கூடும். ‘இவர் யார் சொல்லுங்கள் பார்ப்போம்’ என்று உறவினர் முன்னிலையில் தேர்வு வைப்பதைக் கட்டாயம் தவிர்க்கவும். நம் வீடுகளில் அன்பின் பெயரால் மிகுதியாக நடக்கும் கொடுமை இது.

சினம் வரும்

பெய்லியின் நூல்களில் பராமரிப்பாளர்களுக்கு மிகவும் தேவையான பகுதி, அவர் தம் சினத்தை ஒளிக்காமல் எழுதியிருப்பது. அவர் மனைவியை நோக்கிக் கத்தியிருக்கிறார், பொறுமையிழந்து வெடித்திருக்கிறார், பின்னர் வருந்தியும் இருக்கிறார். நாற்பது ஆண்டுகாலக் காதல் அச்சினத்தைத் தடுக்கவில்லை. உறக்கமின்மையும் ஓய்வின்மையும் சேர்ந்தால் எத்தகைய அன்புடையவருக்கும் இது நேரும்.

சினம் வந்ததற்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அதனை ஓர் அறிகுறியாகக் கொள்ள வேண்டும். குரல் உயரத் தொடங்கும்போது, நோயுற்றவர் பாதுகாப்பாக அமர்ந்திருக்கிறார் என்பதை உறுதி செய்துகொண்டு அடுத்த அறைக்குச் சென்று சில நிமிடங்கள் நில்லுங்கள். கை ஓங்கும் அளவுக்குச் சென்றுவிட்டாலோ, அவரைக் கட்டிவைக்கவோ பூட்டிவைத்துச் செல்லவோ எண்ணம் எழுந்தாலோ, அன்றே மருத்துவரிடமோ குடும்பத்தில் ஒருவரிடமோ கூறுங்கள். அந்நிலையில் மாற்ற வேண்டியது ஏற்பாட்டை. ஒருவர் மட்டுமே இரவும் பகலும் பார்த்துக்கொள்வது என்பது எந்த மருத்துவமனையிலும் அனுமதிக்கப்படாத பணிமுறை. வீட்டில் மட்டும் அதனை இயல்பென்று கருதிவிடுகிறோம். வாரத்தில் இருமுறையேனும் சில மணிநேரம் வேறொருவர் பொறுப்பேற்பதற்கு வழி செய்யுங்கள். உங்கள் இரத்த அழுத்த மாத்திரையையும் கண் பரிசோதனையையும் ஒத்திவைக்காதீர்கள். முதியவரை முதியவரே பராமரிக்கும் வீட்டில், பராமரிப்பாளர் படுத்துவிட்டால் இருவருக்கும் துணையில்லை.

பெய்லி தமக்கென வைத்துக்கொண்டது ஒரு சிறு நேரம். மனைவி அருகில் உறங்கிக்கொண்டிருக்க, படுக்கையில் அமர்ந்து தட்டச்சுப்பொறியை மடியில் வைத்து எழுதுவார். அவருடைய நூல் உருவானது அந்நேரத்தில்தான். உங்களுக்கு அது கோயில் நடையாகவோ, வானொலியாகவோ, தோழியுடன் தொலைபேசியில் பேசும் அரைமணியாகவோ இருக்கலாம்.

எஞ்சியிருப்பவை

இவ்விணையருக்கு ஆற்றில் நீந்துவதில் பெருவிருப்பம். நோய் வந்த பின்னும் வெயில் நாட்களில் சென்றனர். ஆடைகளைக் களைவதும் மீண்டும் உடுத்துவதும் பெரும்பாடாயிற்று. ஆயினும் நீரில் இறங்கியதும் கிடைத்த மகிழ்ச்சி இருவருக்கும் உண்மையானதாக இருந்தது. பின்னாளில் காலைதோறும் டெலிடப்பீஸ் என்னும் சிறுகுழந்தைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சியை இருவரும் சேர்ந்து பார்த்தனர். மெய்யியல் அறிஞர் குழந்தைகள் நிகழ்ச்சி பார்ப்பதா என்று சிலர் வருந்தக்கூடும். அந்நேரத்தில் அவர் அமைதியாக இருந்தார், கணவரும் உடனிருந்தார். பராமரிப்பில் அதைவிடப் பெரிய இலக்கு எதுவும் பல நாட்களில் இருப்பதில்லை.

நினைவு மங்கிய பின்னும் தாளம், பாட்டு, தொடுதல், குரலின் தொனி ஆகியவற்றை உணரும் திறன் நெடுநாள் நீடிக்கும். உங்களவர் இளமையில் கேட்ட பாடல்களை இசைக்கவிடுங்கள். கீரை ஆய்தல், துணி மடித்தல், பூத்தொடுத்தல் போன்ற, கைகள் தாமாகவே அறிந்த வேலைகளைத் தாருங்கள். கீரை சரியாக ஆயப்பட்டதா என்பது முக்கியமன்று. எழுந்திருத்தல், குளியல், உணவு, உறக்கம் ஆகியவற்றை நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் அமையுங்கள். ஒரு வேளையில் ஒரு செயலை மட்டும் கூறுங்கள். ‘குளித்துவிட்டு உடைமாற்றிச் சாப்பிட வாருங்கள்’ என்பது அவருக்கு மூன்று தனித்தனிக் கட்டளைகள்.

சில மணிநேரத்திலோ ஓரிரு நாட்களிலோ குழப்பம் திடீரென மிகுந்தால், அதனை நோயின் வளர்ச்சி என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். சிறுநீர்ப்பாதைத் தொற்று, நுரையீரல் தொற்று, நீரிழப்பு, மலச்சிக்கல், புதிய மருந்து ஆகியவற்றால் வரும் கடுங்குழப்பமாக அது இருக்கக்கூடும்; உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

அவரைப் பற்றிப் பிறரிடம் கூறும்போது

பெய்லியின் நூல் உலகெங்கும் பராமரிப்பாளர்களுக்கு ஆறுதலளித்தது. தம்மைப் பற்றி என்ன எழுதப்படுகிறது என்பதை அறியவோ மறுக்கவோ இயலாத ஒருவரின் தளர்ச்சியைப் பொதுவெளியில் வைத்தது முறையா என்று கண்டித்தவர்களும் இருந்தனர். இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. இன்று இக்கேள்வி எழுத்தாளர் வீட்டோடு நிற்பதில்லை. ஆடை கலைந்து, பேர் தெரியாமல் விழிக்கும் தாயின் காணொளியை உறவினர் வாட்ஸ்அப் குழுவில் பகிர்பவர் பலர். மருத்துவரிடம் காட்டுவதற்காகப் பதிவு செய்வது பயனுள்ளது. அதற்கு அப்பால் பகிரும் முன், நலமாக இருந்த நாளில் அவர் இதனை ஒப்பியிருப்பாரா என்று எண்ணிப் பாருங்கள். இதனால் நோயையே மறைத்துவைக்க வேண்டும் என்பதில்லை. அண்டை வீட்டார், கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர் ஆகியோர் அறிந்திருந்தால் வழிதவறிச் செல்பவர் வீடு திரும்புவது எளிதாகும். அவர் சட்டைப்பையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டையை வைத்திருங்கள்.

வீட்டில் இயலாதபோது

மர்டாக் தம் வாழ்வின் இறுதி மூன்று வாரங்களை ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள ஒரு பராமரிப்பு இல்லத்தில் கழித்தார். அதுவரை கணவரே வீட்டில் பார்த்துக்கொண்டார். எல்லோராலும் அவ்வளவு காலம் இயலாது; இயல வேண்டும் என்பதும் இல்லை. முற்றிய நிலையில் விழுங்குதல் தடைப்படும், நடை நின்றுவிடும், படுக்கைப்புண் உண்டாகும், இரவும் பகலும் தலைகீழாகும். பயிற்சி பெற்ற கைகள் தேவைப்படும் கட்டம் அது. இல்லத்தில் சேர்ப்பதைக் கைவிடுதல் என்று உறவினர் கூறினால், அவ்வாறு கூறுபவர் வாரத்தில் எத்தனை இரவு வந்து விழித்திருக்க இயலும் என்று கேட்பதில் தவறில்லை. சேர்த்த பின்னும் நீங்கள் அவருடைய கணவர் அல்லது மனைவியே. உணவூட்டும் வேளையில் சென்று உடனிருக்கலாம்.

முன்கூட்டியே செய்யவேண்டிய சில ஏற்பாடுகளும் உள்ளன. நோயின் தொடக்கநிலையில், அவர் தெளிவாக முடிவெடுக்கும் காலத்திலேயே, உயில், வங்கிக் கணக்கு, வாரிசு நியமனம் ஆகியவற்றை முடித்துவிடுங்கள். வங்கிக் கணக்கை இருவரில் எவரும் இயக்கக்கூடிய கூட்டுக் கணக்காக மாற்றுவது பல இடர்களைக் குறைக்கும். பலர் அறியாத செய்தி ஒன்று: இந்தியச் சட்டப்படி, அதிகார ஆவணம் எழுதிக்கொடுத்தவர் மனத்தெளிவை இழந்துவிட்டால் அவ்வாவணம் பொதுவாகச் செயலிழந்துவிடும், அதனை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். அதன்பின் காப்பாளராக நியமிக்கக் கோரி நீதிமன்றத்தை நாட நேரிடலாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன்கீழ், தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும், தம் சார்பில் முடிவெடுப்பவர் யார் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். இவற்றைப் பற்றி அவரில்லாத இடத்தில் பிள்ளைகள் கூடிப் பேசுவதைவிட, அவரையும் அமரவைத்து அவரிடமே கேளுங்கள். நோய் உறுதியான நாளில் அவருடைய கருத்துகள் அழிந்துவிடுவதில்லை.

முதல் மருத்துவச் சந்திப்புக்கு, மாற்றங்களை எப்போது முதல் கவனித்தீர்கள், எதில் தடுமாறுகிறார், உட்கொள்ளும் மருந்துகள் யாவை என்பவற்றை ஒரு தாளில் எழுதிச் செல்லுங்கள். மருத்துவர் முன்னிலையில் அவரைக் குறைகூறுவது போல் பேச நேராமல் அத்தாள் உதவும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உள்ள நரம்பியல், மனநலப் பிரிவுகளை இதற்காக அணுகலாம். மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண் 14567. பராமரிப்பாளராகிய உங்களுக்கு மனச்சுமை தாங்க இயலாதபோது, 14416 என்னும் டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.